குரைக்காமல் இருக்கப் பழக்கினோம்

எங்கள் தொடர்மாடியில் இப்போது எங்கள் நாய்க்கு நல்ல பெயர். லிப்டில் ஏறும் பெண்கள் குனிந்து அதன் தலையைத் தடவுகிறார்கள். முன்பு இதே பெண்கள் நாயோடு நாங்கள் நிற்பதைக் கண்டால் லிப்டை விட்டுவிட்டுப் படியால் இறங்கியவர்கள். "இப்ப சத்தமே இல்லையே, என்ன செய்தனீங்கள்?" என்று கேட்பார்கள். "பழக்கினனாங்கள்" என்று மட்டும் சொல்வேன். மனைவி பக்கத்தில் நின்றால் அதையும் சொல்லமாட்டேன்.

நான் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பல் சங்கு, பாரந்தூக்கி, லொறி என்று வாழ்க்கையில் பாதி இரைச்சலுக்குள் போனது. நாய் குரைப்பதெல்லாம் ஒரு சத்தமா என்று ஆரம்பத்தில் வீறாப்புப் பேசினேன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் வீடு. மனைவி, ஒரே மகள், ஒரு நாய். மகள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் நாயும்.

நாயைக் கொண்டுவந்தது மகள்தான். ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே போட்டிருக்கும் கருங்கற்களுக்குள் குட்டியாகக் கிடந்து கத்தியதாம். சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்து கொட்டினாள், மண்ணும் உண்ணியுமாக. தொடர்மாடியில் நாய் சரிவராது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு பிஸ்கட்டின் பெயர் அது. நிறமும் அந்த பிஸ்கட்டின் நிறம்தான்.

அவள் வாசல் கேட்டைத் தாண்டும்போதே நாலாம் மாடியில் நாய்க்குத் தெரிந்துவிடும். கதவடியில் போய் நிற்கும். லிப்ட் கதவு திறக்கிறபோது இரண்டு குரை, அவள் உள்ளே வந்ததும் வீட்டையே சுற்றி ஓட்டம், மேசைவிரிப்பு கீழே, என் பேப்பர் ஒரு பக்கம். நான் ஏசுவேன். "அப்பா, உங்களுக்கு ஆர் இப்பிடி வாசலுக்கு வருகினம்? பொறாமை" என்பாள். உண்மைதான், எனக்கு யாரும் வந்ததில்லை.

பிறகு அவள் படிக்கக் கனடாவுக்குப் போனாள். படிக்கப் போகிற பிள்ளைகள் திரும்பி வருவதில்லை என்பது வெள்ளவத்தையில் எல்லோருக்கும் தெரியும். என்றாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்று "படிச்சு முடிச்சிட்டுக் கெதியா வா பிள்ளை" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நானும் சொன்னேன்.

நாய் முதலில் சாப்பிடாமல் கிடந்தது. பிறகு சாப்பிட்டது. அதன்பிறகு குரைக்கத் தொடங்கியது.

குரைத்தது என்றால் சும்மா வள் வள் என்று இரண்டு தரம் அல்ல. படுத்துக் கிடந்தது சடாரென்று எழும்பும், வாசல் கதவுக்கு ஓடும், முன்னங்கால்களைக் கதவில் வைத்து நிமிர்ந்து நின்று குரைக்கும். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி. சில நேரம் அரை மணித்தியாலம், சில நேரம் தொண்டை கட்டும்வரை. காலையில் ஒருக்கா, சமைக்கிற நேரத்தில் ஒருக்கா, பொழுதுபடும்போது ஒருக்கா. நேரம் காலம் எதற்கும் ஒரு ஒழுங்கு இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

கதவுக்கு வெளியே லிப்ட் இருப்பதால் லிப்ட் சத்தம்தான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். மனைவி ரயில் என்றாள். காவலாளி, "மாத்தயா, சூன் பாண் ஓட்டோவுக்குத்தான் பல்லா கத்துது" என்று பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகத் தீர்ப்புச் சொன்னான். பல்லா என்றால் நாய். பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் வரும் அந்தப் பாண் ஓட்டோவைக் கொஞ்சநாள் நானும் பகைத்துப் பார்த்தேன். பாண் வராத நாளிலும் நாய் குரைத்தது.

அதற்குப் பிறகு ஊரெல்லாம் வைத்தியம். விடியக் காலையில் கடற்கரை வீதி முடியும் இடம் அளவும் இழுத்துக்கொண்டு நடந்தேன், களைத்தால் குரைக்காதாம். களைத்தது நான். பல்கனிக்குத் திரை போட்டோம். எலும்பு வாங்கிக் கொடுத்தோம். யாரோ சொன்னார்கள் என்று தேசிக்காய்த் தண்ணீர் விசிறினோம். அதற்கு அந்தப் புளிப்புப் பிடித்துப்போய் நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது. மனைவி, பிள்ளை போன வீட்டில் கண்பட்டுவிட்டது என்று, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டு நாய்க்கு நாவூறு கழித்தாள். மாடி முழுக்க இருமல். நாய் மட்டும் இருமவில்லை, குரைத்தது. நான் கடைசியாகக் கையில் எடுத்த ஆயுதம் கத்துவது. "வாயை மூடு!" என்று நான் கத்துவேன், அது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் உற்சாகமாகக் குரைக்கும்.

சண்டை பிடிக்க யாராவது வந்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். அதற்கு நான் சளைத்தவன் அல்ல. வந்தவர் எங்களுக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில் இருக்கும் பெண். அவருடைய கணவர் பாரிசவாதம் வந்து படுக்கையில் இருப்பவர். அந்தப் பெண் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா, கோவியாதேங்கோ. இந்த மனுசன் நித்திரை கொள்ளுறதே பெரிய காரியம். உங்கட நாய் குலைக்கேக்க துடிச்சுப்போறார். எழும்பேலாத மனுசன் எழும்பப் பாக்கிறார். அண்டைக்கு விழப் பாத்தவர்."

சொல்லிவிட்டு அழுதார்.

கொஞ்ச நாளில் தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர் வந்தார். நல்ல மனிதர், தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். "ஐயா, நானும் நாய் வளத்தவன்தான். ஆனா சங்கத்தில எல்லாரும் ஒரே முடிவில நிக்கினம். ஆடிவேல் திருவிழாவுக்கு முன்னம் ஏதாவது ஒழுங்கு பண்ணிப்போடுங்கோ. நான் இதுக்கு மேல தாக்காட்டேலாது."

ஒழுங்கு என்றால் நாயை அனுப்புவது. அனுப்ப இடமும் தயாராக இருந்தது. மனைவியின் தமையனுக்குக் கொட்டாஞ்சேனையில் வீட்டோடு சேர்ந்த ஒரு சாமான் ஸ்டோர். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "குலைக்கிற நாய்தானே எனக்கு வேணும். ஸ்டோர் வாசலில கட்டிவிட்டா ஒருத்தனும் கிட்ட வரான்." அவருடைய பழைய நாய் அந்த வாசலில்தான் சங்கிலியில் இருந்து செத்தது. சங்கிலி உரசிய இடம் சுவரில் இன்னும் வளைவாகத் தெரியும். நான் அதைப் பார்த்திருக்கிறேன், மகளும் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கு அவளிடம் சொன்னோம். போன் திரையில் அவளுடைய முகம் அப்படியே நின்றது, இணைப்புத்தான் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அப்பா, மாமா வீட்ட அனுப்பாதேங்கோ. சங்கிலியில கட்டினா அவன் செத்துப்போவான். நான் வந்து பாக்கிற வரைக்குமாவது வச்சிருங்கோ. என்ன செய்ய வேணுமெண்டாலும் சொல்லுங்கோ, நான் செய்யிறன்."

கனடாவில் இருந்துகொண்டு அவள் என்ன செய்வாள் என்று எனக்குள் நினைத்தேன். "சரி பிள்ளை, பாப்பம்" என்றேன்.

பாமன்கடையில் ஒரு மிருக வைத்தியர் இருக்கிறார், நடுத்தர வயதுப் பெண், அவசரப்படாதவர் என்று கேள்விப்பட்டு நாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே கூட்டம். வாசலோடு ஒரு சின்ன அறை, சுவரோரம் ஆட்கள் இருக்க மர வாங்குகள், ஒரு கூட்டுக்குள் முயல், ஒரு பெண்ணின் மடியில் தலைக்குக் கூம்பு மாட்டிய பூனை. எங்கள் நாய் வாங்குக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது. பூனையைப் பார்த்தும் ஒரு சத்தம் இல்லை. இங்கே லிப்டும் இல்லை, ரயிலும் இல்லை, குரைக்காத நாயைக் காட்டி என்ன வைத்தியம் கேட்பது என்று எனக்கு எரிச்சல்.

இங்கே மனைவியின் போனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில், முழுச் சத்தத்தில்தான் போடுவாள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இது புதினமும் அல்ல. எங்கள் மாடி நடைபாதையில் சும்மா நின்றாலே லண்டனில் யாருக்குத் தடிமன், மெல்பேர்னில் யாருக்கு வீடு மாற்றம் என்று தெரிந்துவிடும். மகள் பஸ்ஸுக்கு நடக்கும்போது பேசிப் பதிந்து அனுப்புவாள். மனைவி அதை ஒருமுறை கேட்டுவிட்டு வைப்பவள் அல்ல. வெங்காயம் உரிக்கும்போது ஒருக்கா, விளக்கு வைத்துவிட்டு ஒருக்கா, மறுநாள் பால் காய்ச்சும்போது ஒருக்கா. புதிது வராத நாளில் பழையதைத் தேடிப் போடுவாள், முந்திய நாள் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுவதுபோல. நாய்க்கென்று மகள் பேசி அனுப்பும் துண்டுகளும் அதற்குள் இருக்கும். பெயர் சொல்லி, "எங்கயடா நிக்கிறாய், வாடா, ஓடி வாடா" என்று.

அந்த அறையில் இருந்து அலுத்துப்போய் அவள் அப்படி ஒன்றைப் போட்டாள்.

நாய் வாங்குக்குக் கீழிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. அந்த இடத்தின் வாசல் கதவுக்கு ஓடி, முன்னங்கால்களைக் கண்ணாடியில் வைத்து, வெளியே பார்த்துக் குரைக்கத் தொடங்கியது. பூனைக்காரப் பெண் எழும்பிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மனைவி பதறிப்போய் போனை அமத்தினாள். வைத்தியர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மனைவியின் கையைப் பார்த்தார். "அதைத் திரும்பப் போடுங்க" என்று சிங்களத்தில் சொன்னார்.

மனைவி போட்டாள். மகளின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. நாய் எங்களைத் திரும்பிப் பார்த்தது, கதவைப் பார்த்தது, மறுபடி குரைத்தது. வாலும் ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலமும் நான் கவனிக்காத விஷயம் அந்த வால்.

வைத்தியர் ஆங்கிலமும் சிங்களமுமாக விளங்கப்படுத்தினார். நாய்க்குப் போன் என்றால் என்னவென்று தெரியாது. ஆளின் குரல் கேட்கிறது, ஆள் வீட்டுக்குள் இல்லை. அப்படியென்றால் ஆள் கதவுக்கு வெளியே நிற்கிறாள். நீங்கள் கேட்டும் கேளாத மாதிரி வெங்காயம் உரிக்கிறீர்கள். ஆகவே அது உங்களுக்குச் சொல்கிறது: கதவைத் திற. நீங்கள் திறக்கவில்லை, அதனால் இன்னும் சத்தமாகச் சொல்கிறது. "நான் கத்தினால் கூடக் குரைக்குதே" என்றேன். "நீங்களும் சேர்ந்து கூப்பிடுறீங்க என்று நினைத்திருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி போனைக் கைப்பைக்குள் வைத்து, கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வழி இரண்டுதான் என்றார். ஒன்று, அந்தக் குரல் இனி வீட்டில் கேட்கவே கூடாது. மற்றது, அந்தக் குரல் கேட்டால் அவள் வரப்போகிறாள் என்று அர்த்தம் இல்லை என நாய்க்குப் படிப்பிப்பது.

முதல் வழியைத்தான் முதலில் பார்த்தோம். காதுக்குள் செருகிக் கேட்கும் வயர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மந்தமான காதில் கேட்கவில்லை, நல்ல காதில் குத்தியது. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றி எறிந்தாள். "பிள்ளை பிள்ளையின்ர குரலில கதைக்கிற மாதிரி இல்லையப்பா. தகரத்துக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரி கிடக்கு." பிறகு குசினிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இருக்கிறது அந்தக் குரல் மட்டும்தானே."

அதன்பிறகு இரண்டாவது வழிதான்.

முறை மிகவும் எளிது. நாய் காதை மட்டும் நிமிர்த்தும் அளவுக்கு, எழும்பாத அளவுக்கு, மகளின் குரலை மெதுவாகப் போடவேண்டும். போட்ட கையோடு நல்ல சாப்பாடு ஒரு துண்டு. அடுத்த நாள் கொஞ்சம் கூட. எழும்பிக் கதவுக்குப் போனால் நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். மறுபடி சத்தத்தைக் குறைத்துத் தொடங்கவேண்டும். கதவுக்குப் போவதற்குப் பதிலாகப் போகவேண்டிய இடம் ஒன்றையும் காட்டிக்கொடுக்கச் சொன்னார். ஈரல் பிரிட்ஜில் இருந்ததால் அந்த இடம் பிரிட்ஜடி ஆயிற்று. குரல் கேட்டதும் குசினிக்கு வா, பிரிட்ஜுக்கு முன்னால் இரு, ஈரல் கிடைக்கும். அவ்வளவுதான் பாடம்.

வெளிக்கிடும்போது வைத்தியர் கேட்டார், மகள் எப்போது வருவாள் என்று. "இப்போதைக்கு வரமாட்டா" என்றேன். படிப்பு, வேலை, பிறகு அந்த நாட்டு வதிவிடக் கடுதாசி என்று வரிசையாகக் கிடக்கிறது, எல்லோருக்கும் அப்படித்தான். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு "அப்படியென்றால் பரவாயில்லை" என்றார். அவர் சொல்ல வந்தது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் வேறு வழி இருந்ததா என்று கேட்டால், அதுவும் தெரியவில்லை.

ஈரல் அவித்துச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி டப்பாவில் போட்டு வைப்போம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம், மாமிசம் இல்லை. வெள்ளிக்கிழமைப் பாடத்துக்கு என்ன செய்வது என்று பெரிய வாக்குவாதம். நாய்க்கு என்ன விரதம் என்று நான் கேட்டேன். "நாய்க்கு இல்லை, பிரிட்ஜுக்கு" என்றாள் மனைவி. கடைசியில் வெள்ளிக்கு மட்டும் பட்டர் பூசிய பாண் துண்டு. நாய் அதைத் தின்றுவிட்டு எங்களை ஒரு பார்வை பார்க்கும், இது என்ன பிழைப்பு என்பதுபோல.

மகளுக்கு விஷயத்தைச் சொன்னோம். "அப்ப இவ்வளவு நாளும் நான் கூப்பிடேக்க எல்லாம் அவன் கதவடியில போய் நிண்டவனே?" என்று கேட்டாள். ஓம் என்றோம். அழுதாள். ஆனால் அடுத்த நாளே வேலையைத் தொடங்கிவிட்டாள். பழைய பதிவுகளையே போட்டால் நாய் அவற்றை மட்டும் மனப்பாடம் பண்ணிவிடும், புதிது புதிதாக வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மகள் பதிந்து அனுப்பினாள். மெதுவாக ஒரு தரம், சத்தமாக ஒரு தரம், சிரித்துக்கொண்டு, கோபமாக, ஓடி வந்த மூச்சோடு, வாசலில் சப்பாத்துக் கழற்றும்போது கூப்பிடுகிற அதே ராகத்தில். எதிலெல்லாம் நாய் எழும்பி ஓடும் என்று அவளுக்குத்தானே தெரியும். ஒவ்வொன்றின் முடிவிலும் எங்களுக்காக, "அப்பா, இதுக்கு எழும்பினவனே?" என்று ஒரு கேள்வி. எழும்பினால் அதையே திரும்பவும் அனுப்புவாள், அவன் எழும்பாமல் விடும்வரை.

அவள் படிப்பில் கெட்டிக்காரி. இதையும் அப்படியே செய்தாள்.

ஆடிவேல் வருவதற்குள் குரைப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. செயலாளர் படியில் கண்டு கைகொடுத்தார். கார்த்திகை விளக்கீடு வருவதற்குள் சுத்தமாக நின்றுவிட்டது. மகளின் குரல் கேட்டால் நாய் எழும்பும், ஒரு சோம்பல் முறிப்பு, குசினிக்கு நடை, பிரிட்ஜுக்கு முன்னால் மரியாதையாக ஒரு இருப்பு. ஈரலையும் மெல்ல மெல்லக் குறைத்து எப்போதாவது ஒரு நாள் என்று ஆக்கினோம். அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போய் இருக்கும். கீழ்வீட்டுப் பெண் மோதகம் அவித்துக் கொண்டுவந்து தந்தார். கணவர் பகலிலும் நல்ல நித்திரை என்றார். எங்களுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கொட்டாஞ்சேனைச் சங்கிலியிலிருந்து ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மனைவிதான் ஒருநாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, பிள்ளையின்ர குரலைக் கேட்டா இப்ப எனக்கே ஈரல் மணக்குது." சிரித்தாள். நானும் சிரித்தேன். அதன்பிறகு பழைய பதிவுகளை அவள் தேடிப் போடுவது குறைந்துவிட்டது.

வதிவிடக் கடுதாசி நாங்கள் நினைத்ததைவிடக் கெதியாக, இரண்டு வருடத்தில் வந்துவிட்டது. வந்ததை மகள் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நான் பேப்பரோடு, மனைவி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு, நாய் மின்விசிறிக்குக் கீழே. மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவள்.

மனைவி கத்திய கத்தல் மூன்றாம் மாடிக்குக் கேட்டிருக்கும். மகள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, பெட்டியைக் கூட உள்ளே எடுக்கவில்லை. விரலை வாயில் வைத்து எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். வாசலிலேயே முழங்காலில் இருந்து, இரண்டு கையையும் விரித்து, நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "எங்கயடா நிக்கிறாய், வாடா, ஓடி வாடா!"

நாய் எழும்பியது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. குசினிக்கு நடந்து போனது.

வாசலிலிருந்து பார்த்தால் குசினி நேராகத் தெரியும். பிரிட்ஜுக்கு முன்னால், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக அது இருந்தது. மகளின் கைகள் இன்னும் விரித்தபடியே இருந்தன.

"பசியாக்கும்" என்றாள் மனைவி.

"ஓமம்மா" என்றாள் மகள்.

நாய் அவளை அடையாளம் காணவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவள் உள்ளே வந்து இருந்தபின் கிட்டப் போய்ச் சப்பாத்தை மணந்தது, கையை மணந்தது, பிறகு உடம்பெல்லாம் நடுங்க முனகிக்கொண்டு மடிக்குள் தலையை நுழைத்தது. நின்ற நாளெல்லாம் அவளுடைய காலடியில்தான் படுத்தது. மணம் தெரிந்திருந்தது, ஆள் தெரிந்திருந்தது. குரல் மட்டும் அவளுடையதாக இல்லை. பக்கத்து அறையிலிருந்து அவள் கூப்பிட்டால் அவளை விட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விடும். முதல் இரண்டு நாள் அவள் விளையாட்டாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கூப்பிடவில்லை. வேண்டுமென்றால் எழும்பிப் போய்த் தொட்டுத் தட்டுவாள். அம்மாவோடு பேசும்போதுகூட நாய் கிட்ட இருந்தால் குரலைத் தணித்துக்கொண்டாள். சொந்த வீட்டில், பிள்ளை, ரகசியம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டு திரிந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பது லேசான விஷயம் அல்ல.

நான் ஒரு நாள் மனம் கேட்காமல், "வேற வழி இருக்கேல்லை பிள்ளை" என்றேன்.

"தெரியும் அப்பா. நான்தானே படிப்பிச்சனான்" என்றாள். கட்டுநாயக்காவிலிருந்து ஓட்டோவும் பஸ்ஸுமாக வரும் வழி முழுக்க அந்த இரண்டு குரையையும் மேசைவிரிப்பு கீழே விழுவதையும் நினைத்துக்கொண்டுதான் வந்ததாகவும் சொன்னாள். அதற்காகத்தான் எங்களுக்கு அறிவிக்காமல் வந்தாளாம்.

லீவு முடிந்து அவள் வெளிக்கிட்ட அன்று நாய் அறைக்குள் அவளுடைய பழைய போர்வையில் கிடந்தது. அவள் போய் முகத்தோடு முகம் வைத்துவிட்டு, ஒரு சொல் பேசாமல் வெளியே வந்தாள். லிப்ட் கதவு மூடியது. மனைவி வாசல் கதவை மூடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். அவள் எதற்காக நிற்கிறாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. நானும் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

பின்னேரம் விமான நிலையத்திலிருந்து பதிவு வந்தது. மனைவி சாப்பாட்டு மேசையில் போனை வைத்து, வழக்கம்போல முழுச் சத்தத்தில் போட்டாள். "அம்மா, உள்ளுக்கு வந்திட்டன். சாப்பிட்டிட்டன். அவன் என்ன செய்யிறான்?"

நாய் போர்வையிலிருந்து இறங்கி வந்தது. எங்களைக் கடந்து, வாசல் கதவைக் கடந்து, குசினிக்குப் போய் பிரிட்ஜுக்கு முன்னால் இருந்தது.

மனைவி அதற்குப் பின்னாலேயே போனாள். ஈரல் எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பிரிட்ஜைத் திறக்கவில்லை. கீழே, வெறும் நிலத்தில், நாய்க்கு முன்னால் இருந்தாள். அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"குலையடா" என்றாள். "பிள்ளை போகுது. ஒருக்காக் குலையடா."

நாய் அவளுடைய கைகளை மணந்து பார்த்துக்கொண்டிருந்தது.